சிக்குன்குனியா போயும் மூட்டு வலி போகலையா? தேடிப் படிக்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மழை முடிந்து தை பிறக்கும் நேரத்தில் மதுரைப் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். காய்ச்சல் நாலஞ்சு நாளில் விட்டுவிட்டது, இந்தக் கை கால் வலிதான் விடமாட்டேங்குது. அப்புறம் வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் காலேஜ் படிக்கிற பிள்ளையோ வெளியூரில் வேலை பார்க்கிற மகளோ, போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரத்தில் ஒரு வீடியோ மூன்றே நாளில் குணம் என்கிறது, இன்னொரு பக்கம் ஆயுசுக்கும் வலி என்கிறது. மூடி வைத்துவிட்டு மெடிக்கலுக்குப் போய் ஒரு செட் மாத்திரை வாங்கி வருவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும்.

அந்தப் பிள்ளைக்கும் மகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, இந்த வலி உள்ள வீட்டில் இருந்துகொண்டு படித்தவன், அவ்வளவுதான். சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று: இந்த விஷயத்தில் எதைப் படித்தாலும், காய்ச்சல் வந்து எத்தனையாவது வாரம், எத்தனையாவது மாதம் என்று தெரியாமல் படித்தால் எல்லாமே குழப்பும். தேதி கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

முதலில், தேடவே கூடாத சில நேரங்கள்

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, தொடவிடாமல் வலித்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. கை கால் பலம் குறைவது, சிறுநீர் கழிப்பதில் சிரமம், காரணமில்லாமல் எடை இறங்குவது, மாதக்கணக்கில் மாலைக் காய்ச்சல், இவற்றுக்கும் அப்படித்தான், படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இன்னொன்று, காய்ச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூட்டு வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளைப் போடக்கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். இரண்டையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசு, நம் ஊரில் இரண்டும் ஒரே சீசனில்தான் வரும்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

காய்ச்சல் அடித்த முதல் நாள் எது? யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் அழகர் ஆற்றில் இறங்கியதற்கு முன்னாலா பின்னாலா, தீபாவளிக்கு எத்தனை நாள் கழித்து, பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குப் போக முடியாமல் படுத்திருந்தது எந்த வாரம் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மெடிக்கல் ரசீது, போனில் அனுப்பிய லீவு மெசேஜ், க்ளினிக் சீட்டு எதிலாவது தேதி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து ஒரு நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், மருத்துவ உலகம் இந்த நோயை மூன்று கட்டமாகப் பிரித்துத்தான் பேசுகிறது. முதல் மூன்று வாரம் ஒரு கட்டம். மூன்று வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டாவது. மூன்று மாதம் தாண்டினால்தான் நாள்பட்டது என்று சொல்வார்கள். ஐந்தாவது வாரத்தில் இருப்பவர் நாள்பட்ட நோயைப் பற்றிய கட்டுரையைப் படித்துப் பயந்துகொள்வதும், எட்டாவது மாதத்தில் இருப்பவர் பாராசிட்டமாலும் ஓய்வும் போதும் என்ற குறிப்பைப் படித்துச் சும்மா இருப்பதும், இந்தக் கணக்கு தெரியாததால் நடப்பவை.

படி 2: அது சிக்குன்குனியாதானா?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காய்ச்சலின்போது பரிசோதனையே செய்திருக்க மாட்டார்கள், தெருவில் எல்லோருக்கும் வந்தது, அதனால் இதுவும் அதுதான் என்று முடிவாகியிருக்கும். இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

பரிசோதனைகளும் நாள் கணக்கில்தான் வேலை செய்யும். காய்ச்சலின் முதல் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் வைரஸே இருக்கும், அதை ஆர்டி-பிசிஆர் கண்டுபிடிக்கும். ஐந்தாம் நாள் வாக்கில் இருந்து ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் தெரிய ஆரம்பித்து, பொதுவாக இரண்டு மூன்று மாதம் வரை தெரியும், சிலருக்கு இன்னும் நீளும். ஐஜிஜி அதற்கப்புறம் வந்து பல வருஷம் தங்கிவிடும்.

இப்போது நம் ஊர்ச் சிக்கல். 2005 கடைசியில் தொடங்கி 2006 முழுக்க இந்தியாவில் சிக்குன்குனியா புரட்டி எடுத்தது, சந்தேகப்பட்ட நோயாளிகளாகக் கணக்கில் வந்தவர்கள் மட்டுமே 13 லட்சத்துக்கும் மேல், தமிழ்நாடும் அதில் நன்றாக அடிபட்டது. அன்றைக்கு வந்து போனவருக்கு இன்றைக்கும் ஐஜிஜி பாசிட்டிவ் என்று வரலாம். ஆகவே ஐம்பது வயது அக்கா ஒருவருக்கு இந்த வருஷம் முட்டி வலி, ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், வலிக்குக் காரணம் சிக்குன்குனியா என்று அந்த ரிப்போர்ட் நிரூபிக்கவில்லை. எப்போதோ ஒருமுறை வந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. லேப்காரர் பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் அடித்துக் கொடுத்தாலும் அது எந்த வகை என்று பாருங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஐஜிஎம்மை எலைசா என்ற லேப் முறையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். தனியார் லேபில் பட்டை வைத்துப் பத்து நிமிஷத்தில் சொல்லும் கார்டு டெஸ்ட்டைவிட எலைசா நம்பகமானது.

ஒரே மாதிரி வலிக்கும் வேறு நோய்களையும் ஒதுக்கியாக வேண்டும். முடக்குவாதம்தான் இதில் பெரிய குழப்பம், ஏனென்றால் சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய வலியும் அதே மாதிரி கை விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று இரண்டு பக்கமும் வரும், காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கும். ஆர்ஏ ஃபேக்டர் என்ற பரிசோதனை சிக்குன்குனியாவுக்குப் பிறகு சிலருக்குப் பாசிட்டிவாக வருவதுண்டு, அதை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று முத்திரை குத்த முடியாது. ஆன்டி-சிசிபி என்று இன்னொன்று இருக்கிறது, அது சிக்குன்குனியா வலியில் பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும். நல்ல அளவில் பாசிட்டிவ் என்றால் டாக்டரின் யோசனை முடக்குவாதத்தின் பக்கம் திரும்பும். இவை தவிர யூரிக் ஆசிட், தைராய்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும் தோள் இறுக்கம், ஏற்கனவே தேய்ந்த முட்டி. ஏற்கனவே மூட்டுத் தொந்தரவு இருந்தவர்களுக்குச் சிக்குன்குனியா வலி நீடிப்பது அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, நாற்பது வயது தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் ஆரம்பத்தில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கும் அப்படியே. ஆக இரண்டு காரணம் சேர்ந்தே இருக்கலாம், ஒன்றைக் கண்டுபிடித்ததும் இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்.

படி 3: வலியை எழுதிவையுங்கள், மார்க் போடாதீர்கள்

இணையத்தில் கிடைக்கும் டைரி படிவங்கள் எல்லாம் பத்துக்கு எத்தனை என்று கேட்கும். எங்கள் பக்கம் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ வாங்கிக் கட்டி விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் சிரிப்பார். அவருக்கு வலி என்பது இப்படி: விடிகாலை நாலரைக்கு உட்காரும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாரைப் பிடித்து முடிச்சை இறுக்க முடியவில்லை, முடிச்சு தளர்ந்து மல்லி உருவிக்கொள்கிறது, ஏழு மணிக்கு மேல்தான் விரல் பேச்சைக் கேட்கிறது. இது ஒரு டாக்டருக்கு எவ்வளவு தகவல் தெரியுமா? காலை விறைப்பு இரண்டரை மணி நேரம், சிறு மூட்டுகள், வேலை செய்யச் செய்ய இளகுகிறது. இது அழற்சி வலியின் குணம். வேலை செய்யச் செய்யக் கூடி, உட்கார்ந்தால் குறைகிற வலி என்றால் தேய்மானத்தைச் சந்தேகிப்பார்கள்.

அதனால் உங்கள் வீட்டில் இருப்பவரின் அன்றாட வேலையில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். குழாயைத் திருகுவது, இடியாப்ப உரலைப் பிழிவது, பஸ் படி ஏறுவது, டூவீலரில் பிரேக் பிடிப்பது, எது பொருந்துமோ அது. எழுந்ததும் முடிந்ததா, எத்தனை மணிக்கு முடிந்தது, எந்த மூட்டு வீங்கியிருந்தது, என்ன மாத்திரை போட்டார் என்று தினம் இரண்டு வரி போதும். வீக்கம் தெரிந்த நாளில் மட்டும் கையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிற அன்றைக்கு வீக்கம் பார்த்துச் சொல்லிவைத்த மாதிரி வடிந்திருக்கும்.

படி 4: எங்கே, என்ன சொல்லைப் போட்டுத் தேடுவது

தமிழில் தேடினால் செய்தியும் கைவைத்தியமும்தான் வரும், ஆராய்ச்சி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பப்மெட் என்ற தளம் அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் நடத்துவது, இலவசம். அதில் ஆங்கில எழுத்தில் ‘சிக்குன்குனியா’ என்று போட்டு, பக்கத்தில் ‘க்ரானிக் ஆர்த்ரைட்டிஸ்’ அல்லது ‘பெர்சிஸ்டன்ட் ஆர்த்ரால்ஜியா’ என்று சேருங்கள். ஆர்த்ரைட்டிஸ் என்றால் வீக்கத்தோடு கூடிய மூட்டு அழற்சி, ஆர்த்ரால்ஜியா என்றால் வலி மட்டும். இரண்டையும் தனித்தனியாகத் தேடினால் வேறு வேறு கட்டுரைகள் வரும். இடது பக்கம் முழுக் கட்டுரை இலவசம் என்ற வடிகட்டியைத் தட்டிவிடுங்கள், அதற்குக் கீழே சிஸ்டமேட்டிக் ரிவியூ என்று ஒன்று இருக்கும், முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். தனித்தனி ஆய்வுகளை ஒருவர் சேகரித்துச் சலித்துவைத்திருக்கும்போது நாம் ஏன் மறுபடி முதலில் இருந்து சலிக்க வேண்டும்?

சிக்குன்குனியாவில் போதிய விடை கிடைக்கவில்லை என்றால் அதன் பங்காளிகளையும் தேடலாம். ஆஸ்திரேலியாவின் ராஸ் ரிவர் வைரஸ், தென் அமெரிக்காவின் மயாரோ வைரஸ், இரண்டும் அதே ஆல்ஃபாவைரஸ் குடும்பம், இரண்டுமே கொசு மூலம் வந்து மூட்டு வலியை விட்டுப்போகிறவை. மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை, ஆனால் மருந்தின் அளவையும் இல்லை என்று வரும் வாக்கியங்களையும் மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 5: ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால்?

இருக்கும். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு சின்னத் தீவு, பிரான்ஸின் கையில் இருப்பது. 2005-06இல் அந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குனியா வந்தது. அங்கே நோயாளிகளை 36 மாதம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, 2013இல் வெளியானது, அத்தனை மாதம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு மூட்டு வலி இருந்தது என்கிறது. கொலம்பியாவில் நடந்து 2018இல் வெளியான இன்னொன்று, 20 மாதம் கழித்து நால்வரில் ஒருவருக்குத்தான் வலி என்கிறது. எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களை எடுத்தார்களா, ஊரில் நோய் வந்த எல்லோரையும் எடுத்தார்களா என்று பாருங்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் கணக்கு பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். சராசரி வயது என்ன? வலி என்று எதைக் கணக்கில் எடுத்தார்கள், தினம் இருப்பதையா, வந்து வந்து போவதையா? காய்ச்சலுக்கு முன்னாலேயே மூட்டு வலி இருந்தவர்களை என்ன செய்தார்கள்? கட்டுரையின் சுருக்கத்தில் இது இருக்காது, ‘மெத்தட்ஸ்’ என்ற பகுதியில் இருக்கும். போர் அடிக்கும் பகுதிதான், ஆனால் விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது உதாரணம் இன்னும் சுவாரசியம். வைரஸ் மூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் வலிக்கிறதா, வைரஸ் போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்காததால் வலிக்கிறதா? ரீயூனியனில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் 18 மாதம் கழித்து வைரஸின் மரபுத் தடயத்தைக் கண்டார்கள். குரங்குகளில் செய்த சோதனையிலும், ரத்தத்தில் இருந்து வைரஸ் மறைந்து நாளான பிறகு மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்களில் அது தங்கியிருந்தது. ஆனால் கொலம்பியாவில் 22 மாதம் கழித்து நாள்பட்ட வலியுள்ளவர்களின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தபோது வைரஸே இல்லை. ஒன்று ஒரே ஓர் ஆளின் சவ்வு, இன்னொன்று பலரின் நீர், இன்னொன்று குரங்கு. இதில் ஒன்றை மட்டும் காட்டி வைரஸைக் கொல்லும் மருந்து என்று விற்கிற வீடியோவை இனிமேல் உங்களால் எடைபோட முடியும்.

படி 6: மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது

குளோரோகுயின் கதையில் இருந்து தொடங்குங்கள். ஆய்வுக்கூடத்தில் செல்களில் அது வைரஸைத் தடுத்தது, எல்லோரும் நம்பினார்கள். ரீயூனியனில் காய்ச்சலின்போதே கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் கட்டத்தில் பலனில்லை, 200 நாள் கழித்துக் கேட்டபோது மருந்து எடுத்தவர்களில்தான் மூட்டு வலி என்று சொன்னவர்கள் அதிகம். சோதனைக் குழாயில் வேலை செய்வது உடம்பிலும் வேலை செய்யும் என்று எழுதுகிற எதைப் படித்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலவேம்புக் குடிநீருக்கும் இதே அளவுகோல்தான். காய்ச்சல் காலத்தில் நம் அரசே தெருத்தெருவாகக் கொடுக்கிறது, ஆய்வுக்கூடச் சோதனைகளும் இருக்கின்றன. ஆனால் எட்டாவது மாத மூட்டு வலி வேறு கேள்வி. முடக்கத்தான் தோசை நன்றாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடாதீர்கள்.

மூன்று மாதம் தாண்டி வீக்கத்தோடு வலி நீடித்தால், முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்துகளையே மூட்டுவாத நிபுணர்கள் யோசிப்பார்கள். கேரளாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும் எடுத்தவர்களைவிட, அதோடு மெத்தோட்ரெக்ஸேட்டும் சல்ஃபசலசைனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 24 வாரத்தில் நல்ல முன்னேற்றம். நமக்குப் பக்கத்து மாநிலம், நம்மைப் போன்ற நோயாளிகள், அந்த வகையில் மதிப்புள்ளது. ஆனால் யார் என்ன மருந்து எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு, அந்தக் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த மருந்துகளைப் பற்றி நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை உண்டு, கர்ப்பத்தில் கூடவே கூடாது, குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நாள்பட எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கலாம், அதனால் தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கண் மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள், ஆரம்பத்திலேயே ஒருமுறை கண்ணைக் காட்டிவிட வேண்டும். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போட நமக்குச் சாக்கே கிடையாது.

அப்புறம் அந்தச் செட் மாத்திரை. அட்டை இல்லாமல் பேப்பரில் மடித்துக் கொடுப்பதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வேளையில் வலி பறந்துபோகும், அதனால்தான் அந்தக் கடைக்கே கூட்டம் போகிறது. சர்க்கரை ஏறும், எலும்பு பலம் குறையும், மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். ஸ்டீராய்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை, தேவைப்படும் இடத்தில் குறைந்த அளவில் குறுகிய காலத்துக்கு டாக்டர்களே கொடுப்பார்கள். பெயர் தெரியாத மாத்திரையைப் போடாதீர்கள் என்கிறேன். ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரைகளும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் தேவை.

மருந்தில்லாத பக்கம் சுருக்கமாக: வெந்நீர் ஒத்தடம், மெதுவான அசைவுகள், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் விரல் பயிற்சிகள். முழு ஓய்வில் படுத்தே கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும்.

படி 7: படித்ததை டாக்டரிடம் கொண்டுபோவது

பெரியாஸ்பத்திரி ஓ.பி.யில் டாக்டர் கேட்பார், “எத்தனை நாளா வலி?” நம் அம்மா சொல்வார், “அது இருக்குங்கய்யா ரொம்ப நாளாவே.” அதோடு அந்த இரண்டு நிமிஷம் முடிந்தது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள்: காய்ச்சல் தேதி, இன்று எத்தனையாவது மாதம், எந்தெந்த மூட்டு, காலை விறைப்பு எவ்வளவு நேரம், செய்த பரிசோதனைகள் தேதியோடு, போட்ட மாத்திரைகள், மற்ற நோய்கள். போனில் இருக்கும் வீக்க போட்டோ. கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்துப் போய் மேஜையில் வைக்காதீர்கள், யாராக இருந்தாலும் எரிச்சல்தான் வரும். கேள்வியாக மாற்றிக் கேளுங்கள்: “முடக்குவாதம் இல்லைன்னு உறுதியா சொல்லலாமா டாக்டர், சிசிபி பார்க்கணுமா?”, “மூணு மாசம் தாண்டிடுச்சே, மூட்டுவாத டாக்டரைப் பார்க்க எழுதித் தர்றீங்களா?” இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டாலே அன்றைய நாள் வீணில்லை. மூட்டு டாக்டர் என்றால் எலும்பு டாக்டர் என்று நம் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். உடைந்தால், தேய்ந்தால் அவர். அழற்சி என்றால் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத டாக்டர்.

படி 8: புது ஆய்வுகளும் அவற்றில் சேர்வதும்

பப்மெட்டில் உங்கள் தேடலைச் சேமித்து வைத்தால் புதுக் கட்டுரை வரும்போது மெயில் வரும். தடுப்பூசிச் செய்திகளும் அதில் வரும், வெளிநாடுகளில் 2023இல் இருந்து அனுமதி கொடுப்பதும் நிறுத்திவைப்பதுமாக இருக்கிறார்கள். அவை நோய் வராமல் தடுப்பதற்கு, ஏற்கனவே இருக்கும் வலிக்கு மருந்தல்ல, அந்தத் தலைப்புகளைத் தாண்டிப் போய்விடலாம்.

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பார்க்கலாம், 2009இல் இருந்து இங்கே பதிவது கட்டாயம். நோயின் பெயரைப் போட்டால் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், எந்த வயதுக்காரர்களைச் சேர்க்கிறார்கள் என்று வரும். காய்ச்சல் வந்து எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கும், உங்கள் நோட்டின் முதல் வரியோடு பொருத்திப் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். சேரக் கேட்டால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்து நிதானமாகப் படிக்கலாம், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பாதியில் விலகவும் உரிமை உண்டு. பதிவு எண் சொல்லமாட்டேன் என்றாலோ, சோதனை மருந்துக்கு உங்களிடமே காசு கேட்டாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.